முப்பத்தோரு தடவை

மார்ச் 4

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சௌக்கியம், என் வலது முட்டியைத் தவிர. அது மட்டும் தனிக்கட்சி. உன் மாமா வழக்கம்போல உக்காந்த இடத்துல தூங்கறார், எழுப்பினா நின்ன இடத்துல கொட்டாவி விடறார். உன் பொண்டாட்டி எப்படி இருக்கா? ஜனவரியில குட்டிக்குக் காய்ச்சல்னு சொன்னியே, இப்ப ஓடியாடுறாளா?

போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு கேப்பே. போன்ல நான் பத்து நிமிஷம் பேசினா நீ பதினோரு "ம்" போடறே. வெறும் "ம்"மை உறையில போட்டு ஒட்டி அனுப்ப உனக்கே வெக்கமா இருக்கும்ல? அதான்.

வெக்கம்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு பொத்தானை முப்பத்தோரு தடவை அமுக்கிட்டேன்டா.

சிரிக்காம கேளு. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல பத்தொன்பது வருஷமா ஒப்பந்தத்துல இருக்கேன். பதினோரு மாசம் வேலை, ஒரு மாசம் வீடு, அப்புறம் நேத்துதான் பொறந்தவ மாதிரி புதுசா கையெழுத்து. இந்த வருஷம் துணி அறைப் பொறுப்பாளர்னு ஒரு நிரந்தர இடம் போடறாங்க. ஐம்பது வயசுக்குள்ள இருக்கணும். எனக்கு டிசம்பர்ல ஐம்பது முடியுது. ஐம்பது தாண்டினவங்களுக்கு இனிமே ஒப்பந்தமும் கிடையாதாம். ஆக, இதை விட்டா நானும் உன் மாமாவும் எதிரெதிரே உக்காந்து கொட்டாவி விடவேண்டியதுதான்.

விண்ணப்பம் காகிதத்துல இல்லையாம். ஆபீஸ் வராந்தாவுல ஒரு கம்ப்யூட்டரை வெச்சு அதுல நிரப்பச் சொன்னாங்க. எழுத்துக்கூட்டி நிரப்பிட்டேன். கீழே பச்சைப் பொத்தான், "அனுப்பு"ன்னு. அமுக்கினேன். பக்கம் கல்லு மாதிரி நிக்குது. மூலையில ஒரு மஞ்சக் குடை படம், அதுவும் என்னையே பாக்குது. எங்க லிஃப்ட் ஒரு தடவைக்கு வந்ததா சரித்திரமே இல்ல, அந்தப் பழக்கத்துல அமுக்கினேன், அமுக்கிக்கிட்டே இருந்தேன். வரிசையில பின்னால பாட்டுக்காரி நின்னா. என்கூட மெஷின் ஓட்டறவ, மெஷின் போடற தாளத்துக்குப் பாடுவா. அவ சத்தமா எண்ண ஆரம்பிச்சுட்டா. முப்பத்தொண்ணுல விரல் வலிச்சுது, எழுந்து வந்துட்டேன்.

நீதான் இந்த மாதிரிப் பக்கமெல்லாம் எழுதற உத்தியோகத்துல இருக்கியே. போச்சா, போகலையா? அதை மட்டும் சொல்லு.

முட்டிவலியோடும் பிரியத்தோடும்,
அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். குட்டி தேறிட்டா, பள்ளிக்கூடம் போறா. முட்டிக்கு டாக்டரைப் பாரு. ஆஸ்பத்திரிக்குள்ளயே இருந்துக்கிட்டு டாக்டரைப் பாக்காத ஆள் நீ ஒருத்திதான். பதில் தாமதமானதுக்கு மன்னிச்சுக்கோ.

பயப்படாதே. முதல் தடவையே போயிருக்கும். பழைய மாதிரிப் பக்கமா இருந்தா, பொத்தானை அமுக்கினதும் பக்கமே மறைஞ்சு, திரை வெள்ளையாகி, வேற பக்கம் வரும். போச்சுன்னு கண்ணுக்கே தெரியும். இப்ப அப்படி இல்ல. பக்கம் அப்படியே நிக்கும். நீ எழுதினதை மட்டும் பின்பக்கமா சத்தமில்லாம எடுத்துக்கிட்டுப் போகும். மறுமுனையில இருக்கற கம்ப்யூட்டர் அதை வாங்கி வெச்சுக்கிட்டு, "வந்துருச்சு"ன்னு பதிலும் அனுப்பும். அந்தப் பதிலை வாங்கித் திரையில ஒரு வரி காட்டணும். அந்த ஒரு வரி எழுதாம விட்டுப்போயிருக்கு. அவ்வளவுதான்.

அந்த மஞ்சக் குடை இடது மூலையிலயா, வலது மூலையிலயா?

மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள குச்சிக்கு,

சௌக்கியம். டாக்டர்கிட்ட முட்டியைக் காட்டினேன். "நடங்க"ன்னார். அடுத்த அறை டாக்டர் "நடக்காதீங்க"ன்னார். ரெண்டு பேரையும் பேசி ஒரு முடிவுக்கு வரச் சொல்லிட்டு நான் வேலைக்குப் போயிட்டேன்.

நீ எழுதினது நல்லாப் புரிஞ்சுது. ஏன்னா எங்ககிட்டயும் அதே சமாசாரம் இருக்கு. நாலு மாடிக்கும் சேத்து சுவத்துக்குள்ள ஒரு பெரிய குழாய். முன்னெல்லாம் அழுக்குத் துணியை மூட்டை கட்டி ஒரு ஆள் தூக்கிட்டு வரணும். அவன் திரும்பி வர்ற வரைக்கும் வார்டுல வேலை ஓடாது. இப்ப குழாய்ல போட்டாப் போதும், நேரா என் தலைக்கு மேல வந்து விழும். போட்டவங்க அவங்க வேலையைப் பாக்கலாம்.

ஆனா விழுந்துச்சான்னு மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் வேலைக்குச் சேந்த புதுசுல நாலாம் மாடி நர்ஸ் ஒருத்தங்க, விழுந்துச்சா இல்லையான்னு குழாய்க்குள்ள எட்டிப் பாத்தாங்க. மூக்குக்கண்ணாடி விழுந்துச்சு. துடைச்சு மேல அனுப்பினேன். அடுத்த நாள் திரும்பவும் எட்டிப் பாத்தாங்க. திரும்பவும் கண்ணாடி. அன்னிலேர்ந்து மூட்டை விழுந்ததும், மூட்டையை இழுக்கற கொக்கிக்கம்பியால குழாய்ல ரெண்டு தட்டுத் தட்டுவேன். டக் டக். வந்துருச்சு, நீ போகலாம்னு அர்த்தம். யாரும் சொல்லித் தரல. பத்தொன்பது வருஷமா ஒரு மூட்டைக்குக்கூடத் தட்டாம விட்டதில்ல.

அஞ்சாங்கிளாஸ் படிச்ச எனக்குத் தெரியறது, அந்தப் பக்கத்தை எழுதின மகாராசனுக்குத் தெரியல பாரு. ஒரு வரி எழுத வலிக்குதா அவனுக்கு? அவனைச் சொல்லிக் குத்தமில்ல. அவனை வளத்தவளைக் கூப்பிட்டு நிக்கவெச்சு ரெண்டு அறை விடணும்.

குடை வலது மூலையில. ஏன் கேக்கறே? எந்த மூலையில இருந்தா என்ன, மழையா பெய்யுது?

உன் பொண்டாட்டிக்கும் குட்டிக்கும் என் முத்தம். உனக்கு ஒரு குட்டு.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை கொஞ்சம் அதிகம்.

அந்தப் பக்கத்தை எழுதினவன் மேல அவ்வளவு கோபம் வேண்டாம். முடிச்சுக் குடுக்கவேண்டிய கடைசி நாள் எழுதிக்கிட்டு இருந்திருப்பான். பாதியில வீட்டுலேர்ந்து போன் வந்து, பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குதுன்னு எழுந்து ஓடியிருப்பான். திரும்பி வந்து, முடிச்சாச்சுன்னு நினைச்சுக் குடுத்திருப்பான். எனக்கென்ன தெரியும், சும்மா சொல்றேன்.

வளத்தவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல. அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா?

பட்டியல் ஒட்டிட்டாங்க. என் பேரு இருக்கு. முதல் பக்கத்துல தேடினேன், ரெண்டாம் பக்கத்துல தேடினேன், அஞ்சாவது பக்கத்துல கிடைச்சுது. தலைப்பு "நிராகரிக்கப்பட்டவை". பக்கத்துல காரணம்: ஒருவருக்கு ஒரு விண்ணப்பம் என்ற விதியை மீறியது. எண்ணிக்கை முப்பத்தொன்று. பாட்டுக்காரி எண்ணினது சரியாத்தான் இருந்திருக்கு, அவளைச் சந்தேகப்பட்டது தப்பு.

ஆபீஸ்ல நெத்தியில கண்ணாடியைத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கண்ணாடியைத் தேடற ஆள் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்டப் போய், "ஐயா, நான் ஒருத்திதான். முப்பத்தோரு பேர் இல்ல. வேணும்னா எண்ணிப் பாருங்க"ன்னேன். சிரிச்சார். சிரிச்சுட்டு, "கம்ப்யூட்டர் சொல்லிடுச்சும்மா, நான் என்ன பண்ண"ன்னார்.

அன்னிக்குக் குழாய்ல விழுந்த மூட்டைக்கெல்லாம் தட்டினேன். ஒண்ணுக்கு மட்டும் மூணு தட்டாப் போச்சு. மேலேர்ந்து எட்டிப் பாத்து, "என்னாச்சு?"ன்னு கேட்டாங்க. ஒண்ணும் ஆகலன்னேன்.

ஒண்ணு கேக்கறேன். நீ அந்தக் கம்ப்யூட்டர் உலகத்துலயே குடியிருக்கறவன். உங்க ஆளுங்க யாரையாவது பிடிச்சு உள்ள புகுந்து, அந்த முப்பதைச் சத்தமில்லாம அழிச்சிட முடியாதா? ஒண்ணை மட்டும் விட்டுட்டு. எதை விட்டாலும் எனக்குச் சம்மதம், எல்லாம் ஒரே மாதிரிதான் எழுதினேன்.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்னைக்குக் காலையில கிடைச்சுது. உடனே எழுதறேன்.

முடியும். ஆனா செய்யக்கூடாது. உன் முப்பதை மட்டும் அழிச்சா, உன்னை மாதிரியே அமுக்கிட்டு நிக்கற மத்தவங்க கதி என்ன? உங்க ஆஸ்பத்திரியோட ஆறு கிளையிலயும் சேத்து நூத்திப் பதினாலு பேர். ஒருத்தர் அறுபது தடவை அமுக்கியிருக்கார். அவங்களுக்கெல்லாம் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு தம்பி இருக்க மாட்டான்.

கொஞ்சம் பொறு அக்கா. யார்கிட்டயும் சண்டைக்குப் போகாதே. கொக்கிக்கம்பியோட ஆபீஸ் பக்கம் போகவே போகாதே.

முட்டியைப் பாத்துக்கோ.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க நலம். நீ எழுதி ஒரு மாசம் ஆகப்போகுது. அங்க எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நினைச்சுக்கறேன். போன் பண்ணினா உன் பொண்டாட்டி எடுத்து, நீ ஆபீஸ்ல இருக்கறதாச் சொல்றா. ஞாயித்துக்கிழமை கூடவா?

என் ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுது. பொறுன்னு சொன்னே, பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்குப் பொறுமை கிடையாதுன்னு உனக்குத் தெரியும், ஆனாலும் இருக்கேன். பாட்டுக்காரி மெஷின் ஓட்டறா, பாடறதில்ல. அவ நாலு தடவைதான் அமுக்கினாளாம். "உனக்கு முப்பத்தொண்ணு, எனக்கு நாலு, ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனையா?"ன்னு என்கிட்டச் சண்டைக்கு வர்றா.

போன கடுதாசியில நீ ஒரு எண்ணிக்கை எழுதியிருந்தே. ஆஸ்பத்திரி ஒட்டின பட்டியல்ல எங்க கிளைப் பேரு மட்டும்தான் இருக்கு. மத்த அஞ்சு கிளையும் எனக்குத் தெரியாது, கண்ணாடிக்காரருக்கே தெரியாதாம். நான் அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல. சும்மா எழுதறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஏற்கெனவே குச்சி.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

போன கடுதாசிக்கும் நீ பதில் போடல. இங்க எல்லாரும் சுகம். ரொம்பச் சுகம். ஏன்னு சொல்றேன்.

முந்தாநேத்து கண்ணாடிக்காரரே கீழே சலவைக்கு இறங்கி வந்தார். பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை. வந்தவர் வழி தெரியாம உலர்த்தற அறைக்குள்ள போயிட்டார், வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். விண்ணப்பத்தை மறுபடி திறந்துட்டாங்களாம். பழசெல்லாம் செல்லாது, எல்லாரும் புதுசா ஒண்ணு போடலாமாம். முடிவாகற வரைக்கும் எங்க ஒப்பந்தத்தையும் நீட்டிச்சிருக்காங்களாம்.

"என்னய்யா திடீர்னு?"ன்னு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன்: "அந்தப் பக்கத்தை எழுதின ஆளே முன்வந்து எழுத்துல குடுத்திருக்காரும்மா. அவங்க கம்பெனி, அமுக்கினவங்க அவசரக்காரங்க, எங்க மேல தப்பில்லன்னு சாதிச்சுது. அந்த ஆள் மட்டும், இல்ல, தப்பு என்னோடது, ஒரு வரி விட்டுட்டேன், நூத்திப் பதினாலு பேருக்கும் மறுபடி வாய்ப்புக் குடுங்கன்னு நின்னுட்டாராம்."

"அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"ன்னேன்.

"யாருக்குத் தெரியும். கம்பெனியைக் காட்டிக் குடுத்தவனை மடியிலயா வெச்சுக் கொஞ்சுவாங்க?"ன்னுட்டுப் போனார்.

நேத்து வராந்தாவுல போய் உக்காந்தேன். எல்லாம் நிரப்பினேன். பச்சைப் பொத்தான். ஒரே ஒரு தடவை அமுக்கினேன். பக்கம் அசையல. குடையும் அசையல. ஆனா நடுவுல ஒரு வரி வந்துச்சு: உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது, நீங்கள் போகலாம். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேர்ந்து ஒரு சத்தம். டக் டக்.

பாட்டுக்காரி, "என்னக்கா, உள்ளேர்ந்து யாரோ கதவு தட்டறாங்க?"ன்னா. பின்னால நின்னவங்க, "போயிடுச்சுன்னு போட்டிருக்கே, எழுந்திரிங்க"ன்னு அவசரப்படுத்தினாங்க. எனக்குத்தான் கொஞ்ச நேரம் எழுந்திரிக்க முடியல. முட்டிதான் காரணம்னு சொல்லிட்டேன்.

அம்மா வேலைக்குப் போன காலத்துல உன்னை இடுப்புல வெச்சு வளத்தவ நான். வளத்தவளுக்கு ரெண்டு அறை விடணும்னு எழுதினதும் நான்தான். வீட்டுக்கு வந்து கன்னத்தைத் தடவிக்கிட்டேன்.

வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ நல்லா இருக்கியா? இதுக்கு மட்டும் "ம்" போட்டாக்கூடப் போதும்.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

ம்.

வேலை போகல. இடம்தான் மாறிடுச்சு. இப்ப நான் பக்கம் எழுதறதில்ல. ஜன்னல் இல்லாத ஒரு அறையில, மத்தவங்க எழுதினதை அமுக்கிப் பாத்துச் சொல்ற வேலை. ஒவ்வொரு பொத்தானையும் முப்பத்தோரு தடவை அமுக்கறேன். அத்தனை தடவை அமுக்கச் சொல்லி யாரும் சொல்லல.

அந்தப் பக்கத்தைச் சரி பண்ணினதுதான் நான் கடைசியா எழுதினது. சத்தம் எதுக்குன்னு மேலதிகாரி கேட்டார். கண் சரியாத் தெரியாதவங்களுக்கு உதவும்னு சொன்னேன். அதுவும் உண்மைதான்.

மஞ்சக் குடை எங்க கம்பெனி முத்திரை, அதை வலது மூலையில வெச்சது நான்தான். முதல் கடிதத்துலயே சொல்லியிருக்கணும். மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். நீ அவ்வளவு சிரிக்கச் சிரிக்கத் திட்டும்போது நடுவுல குறுக்கிட மனசு வரல.

குட்டி உன்னைக் கேட்டா. மாமா விழிச்சிருந்தா என் வணக்கத்தைச் சொல்லு.

தம்பி


ஆகஸ்ட் 19

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

சௌக்கியம். முட்டி உட்பட. மாமா விழிச்சப்போ உன் வணக்கத்தைச் சொன்னேன். "யாரு?"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டார்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க. மூணு பேர் உக்காந்திருந்தாங்க. "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" "அஞ்சு முடிச்சேன், ஆறுல ஜன்னலோரம் ரெண்டு மாசம் உக்காந்திருந்தேன்." "நாலாம் மாடியில எத்தனை படுக்கை விரிப்பு இருக்கு, தெரியுமா?" "இருநூத்திப் பன்னெண்டு. அதுல கிழிஞ்சது ஒம்போது. காணாமப் போனது ஒண்ணு, அது உங்க மேஜை மேல இருக்கு." தூக்கிப் பாத்தாங்க. ஓரத்துல எங்க சலவை முத்திரை இருந்துச்சு. அதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் கேக்கல.

நேத்து கடிதம் கைக்கு வந்துச்சு. நிரந்தரம். பாட்டுக்காரிக்கும் மெஷின் பிரிவுல ஒரு இடம் கிடைச்சிருக்கு. காலையிலேர்ந்து பாடறா, காது அடைக்குது. நூத்திப் பதினாலு பேர்ல எத்தனை பேருக்குக் கிடைச்சுதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா எல்லாருக்கும் டக் டக்னு கேட்டிருக்கும். அந்தச் சத்தம் எங்கேர்ந்து வந்ததுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. கேட்டா கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் தேடுவார்.

ஜன்னல் இல்லாத அறைன்னு எழுதியிருந்தே. நானும் பத்தொன்பது வருஷமா ஜன்னல் இல்லாத அறைதான். பழகிடும். டிசம்பர்ல லீவு எடுத்துக்கிட்டு மூணு பேரும் கிளம்பி வாங்க. நிரந்தர ஊழியரோட தம்பி நீ, நான் போய் ரயிலடியில நிப்பேன்.

பொறுப்பாளர் ஆனதும் பலகை மாதிரி கையில பிடிக்கற கம்ப்யூட்டர் ஒண்ணு குடுத்தாங்க. சோப்பு, நூல் எது வேணும்னாலும் இனிமே அதுலதான் கேக்கணும். அந்தப் பக்கத்துலயும் பச்சைப் பொத்தான், வலது மூலையில மஞ்சக் குடை. இன்னைக்குக் காலையில நூறு தலையணை உறைன்னு எழுதி ஒரு தடவை அமுக்கினேன். உள்ளேர்ந்து டக் டக்னுச்சு. அப்ப என் கையில கொக்கிக்கம்பி இருந்துச்சு. பதிலுக்கு நானும் ரெண்டு தட்டுத் தட்டினேன். பலகையோட கண்ணாடி ரெண்டா விரிஞ்சுடுச்சு. புதுசு வேணும்னா விண்ணப்பம் போடணுமாம். விண்ணப்பம் அதுக்குள்ளதான் இருக்கு.

அக்கா